ஆறு வருசம் திறந்து கிடந்த கதவு

அன்னைக்கு அங்கன இருந்தவங்க இவங்கதான்.

ஒண்ணு, மொதலாளி. தீப்பெட்டி ஆபீஸ் அவருது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில குடை. எங்க பக்கம் மழை எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. குடை மட்டும் தினம் வரும். எதையும் எண்ணாம வாங்க மாட்டார், எண்ணாம குடுக்க மாட்டார்.

ரெண்டு, கேட் காவக்காரர். உள்ளே வாரவன் மடியைத் தடவி, பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி தகர டப்பாவுல போடுறது அவர் வேலை. தீப்பெட்டி ஆபீசுக்குள்ள தீப்பெட்டி கொண்டு போகக் கூடாது. இதை அவர் ஒரு நாளும் சிரிச்சுக்கிட்டுச் சொன்னதில்லை.

மூணு, காயலாங்கடைக்காரர். தள்ளுவண்டியும் தராசுமா வந்து நின்னார். வேனை எடைக்கு வாங்கிட்டுப் போக வந்தவர்.

நாலு, டீக்கடைக்காரர். கேட்டுக்கு நேர் எதுக்க கடை. முந்தி அந்த வேனுக்கு அவர்தான் டிரைவர். ரோட்டுக்கு அந்தப் பக்கந்தான் நின்னார். ஆனாலும் அவரைச் சேக்காம இந்தக் கதை நடக்காது.

அஞ்சு, என் பெண்சாதி. கட்டை அடுக்குற ஷெட்டுல வேலை. கை பாட்டுக்குக் குச்சியைச் சட்டத்துல அடுக்கும், கண்ணு ஜன்னல்ல இருக்கும்.

ஆறு, நான். லாரிப் பட்டறையில ஃபிட்டரா இருந்தேன். பட்டறையை மூடி மூணு மாசம் ஆகியிருந்தது. அவ அடுக்குற குச்சியிலதான் வீட்டுல உலை கொதிச்சுது.

எழுபத்தெட்டோ ஒம்போதோ. ஆயுத பூசைக்கு அஞ்சு நாள் இருந்தது.

வேனைப் பத்திச் சொல்லணும். கோவில்பட்டியில இருந்து தூத்துக்குடிக்குத் தீப்பெட்டிப் பண்டல் ஏத்திக்கிட்டுப் போன வேன். போகும்போது பண்டல். வரும்போது சும்மா வரணும். மொதலாளிக்கு அது பொறுக்கலை. காலி வண்டிக்கு எதுக்குப் பெட்ரோல்னு, வரும்போது உப்பு மூட்டை ஏத்திட்டு வரச் சொன்னார். உப்பு பாட்டுக்கு வந்தது. வேன் பாட்டுக்கு அரிச்சது.

டிரைவர் கதவை அடிச்சுச் சாத்துவார். அது அவர் பழக்கம். மொதலாளி ஒவ்வொரு தடவையும் "மெதுவா" ன்னு சொல்லுவார். அது அவர் பழக்கம். ஒரு நாள் டிரைவர் இறங்கினார். மொதலாளி வாயைத் திறந்தார். டிரைவர் கதவு மேல வச்ச கையை எடுத்துட்டார்.

"அப்ப நீரே மெதுவாச் சாத்திக்கிடும்."

சொல்லிட்டு கேட்டைத் தாண்டிப் போனவர்தான். எதுக்கயே டீக்கடை போட்டுட்டார்.

மொதலாளி சாத்தலை. "திறந்து வச்சவன் வந்து சாத்தட்டும்" னு சொல்லிட்டார். காவக்காரர் ஒரு மழைக்கு ஓடிப்போய்ச் சாத்தப் பாத்திருக்கார். "தொட்டே, உனக்கும் கணக்குத் தீத்துருவேன்" னு ஜன்னல் வழியாச் சத்தம் வந்திருக்கு. ஆறு வருசம். ஆறு ஐப்பசி மழை அந்தக் கதவு வழியா உள்ள போச்சு. மொதலாளி தினம் அதைத் தாண்டித்தான் உள்ள போவார். டீக்கடைக்காரர் தினம் அதைப் பாத்துக்கிட்டுத்தான் டீ ஆத்துவார். ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாத்தான் தெரியும்.

இப்ப வாடகை லாரிக்காரன் பண்டலை நேரத்துக்கு எடுக்கலைன்னு மொதலாளிக்கு வேன் ஞாபகம் வந்திருக்கு. சாத்திப் பாத்திருக்காங்க. கதவு அசையலை. அகல விரிச்ச கை மாதிரி நின்னுக்கிட்டிருந்தது.

காயலாங்கடைக்காரர் தட்டிப் பாத்தார். "அண்ணாச்சி, இது வண்டி இல்லை. இது துரு. துருவுக்கு என்ன எடையோ அதைத் தாரேன்."

மொதலாளிக்குச் சுருக்குன்னு ஆயிட்டது. என் பெண்சாதி சொல்லி நான் அன்னைக்கு அங்கன போய் நின்னேன். என்னைப் பாத்துக் கேட்டார்.

"ஏலே, உன்னால முடியுமா?"

"பாக்கேன்."

"பாக்கிறதுக்கு நான் போதும். முடியுமா?"

"முடியும்."

"பூசைக்கு முன்ன வேன் கேட்டைத் தாண்டணும். கதவு கதவா இருக்கணும். அறுக்கக் கூடாது, இது மாதிரிக் கதவு இப்ப எங்கயும் கிடைக்காது. கீல்ல இருக்கிற ஸ்க்ரூ பன்னெண்டு. பன்னெண்டும் என் கைக்கு வரணும். வந்தா, ஆபீஸ் மெக்கானிக் நீதான். மாசச் சம்பளம். இல்லைன்னா வண்டி அவர் தராசுக்கு. நீ உன் வழிக்கு."

ஜன்னலைப் பாத்தேன். அவ குனிஞ்சுக்கிட்டா.

வேலை லேசுன்னுதான் நினைச்சேன். இறுகின கீலுக்கு மருந்து சூடு. கேஸ் வச்சு ஒரு காட்டு காட்டி, சுத்தியலால ரெண்டு போட்டா முனகிக்கிட்டே இளகிரும். மறுநாள் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கிட்டு வந்தேன். காவக்காரர் கேட்டுல குறுக்க நின்னார்.

"என்னது?"

"கேஸ்."

"எதுக்கு?"

"கீலைச் சுட வைக்க."

அவர் என்னைப் பாத்தார். பத்தடி தள்ளி மருந்து ஷெட்டு. குச்சித் தலைக்கு மருந்து முக்குற இடம். நானே சிலிண்டரைத் திருப்பிட்டேன்.

சுத்தியலைக் கொண்டு போனேன்.

"இரும்பை இரும்பால அடிக்கக் கூடாது. பொறி பறக்கும்."

சீமெண்ணெய் பாட்டிலைக் கொண்டு போனேன். மூடியைத் திறந்து மோந்து பாத்துட்டு, பீடி டப்பா பக்கத்துல வச்சுக்கிட்டார்.

"சாயங்காலம் வாங்கிக்கிடும்."

"வண்டியை வெளிய இழுத்து, அங்கன வச்சுச் சுட வைக்கேன்" னு சொன்னேன்.

"தாராளமா."

போய் அளந்து பாத்தேன். கேட் எட்டடி. வேன் ஆறரை. விரிஞ்ச கதவோட ஒம்பதரை. கதவை மடக்காம வேன் வெளிய போகாது. வேன் வெளிய போகாம சூடு வைக்க முடியாது. சூடு வைக்காம கதவு மடங்காது. கேட் தூணை இடிக்கலாமான்னு மொதலாளியைக் கேட்டேன். அது அவுக அப்பா மனையடி பாத்து வச்ச தூணாம். குடையை அந்தக் கையில இருந்து இந்தக் கைக்கு மாத்தினார். நான் வந்துட்டேன்.

வீட்டுல சொன்னேன். அவ சோத்தைப் போட்டுட்டு உக்காந்து கேட்டா.

"ஊர்ல கதவைத் திறக்க முடியலைன்னு ஆளைக் கூப்பிடுவாங்க. சாத்த முடியலைன்னு இப்பத்தான் கேக்கேன்."

நான் சாப்பிட்டேன்.

"திறந்த வீட்டுக்குள்ள போன மாதிரி ஒனக்கு ஒரு வேலை" ன்னா.

செவ்வாய்க்கிழமை வழியை மாத்தினேன். கீலை இளக்க வேண்டாம். வேன்ல கதவு தொங்குற தூண்ல இருந்தே கீலைக் கழத்திருவோம். கதவையும் கீலையும் சேத்து வெளிய தூக்கிட்டுப் போய் கொல்லப்பட்டறையில சுடுவோம். கீல் மூணு. தூண் பக்கம் கீலுக்கு நாலு ஸ்க்ரூ. மொதலாளி சொன்ன பன்னெண்டு.

ஸ்க்ரூத் தலையில வெட்டு இருந்த இடமே தெரியலை. துரு அடைச்சு, பொட்டு வச்ச மாதிரி உருண்டையா இருந்தது. சாக்கு தைக்கிற ஊசியால ஒவ்வொண்ணாக் குடைஞ்சேன். அதுக்கே ஒரு பொழுது போச்சு. ஆமணக்கெண்ணெய் விட்டேன். ஆமணக்கெண்ணெய்க்குக் காவக்காரர் தடை சொல்லலை. மோந்து பாத்துட்டு, "வயித்துக்கா?" ன்னு மட்டும் கேட்டார்.

காயலாங்கடைக்காரர் தினம் வந்தார். வேனுக்கு எதிர்ல தராசை மாட்டி வச்சு, அதுக்குக் கீழ உக்காந்துக்கிடுவார்.

"வே, ஆமணக்கெண்ணெய் துருவை வழுக்கும். துருவைத் தின்னாது. தின்னணும்னா புளிப்பு வேணும்."

"உமக்கு வண்டி வேணுமா, வேண்டாமா?"

"வேணும். அதுக்காகத் தப்பா வேலை செய்யுறதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? புளிச்ச மோரை ஊத்தும்."

பெண்சாதி சட்டியில புளிச்ச மோர் கொண்டு வந்தா. துணியை நனைச்சு மூணு கீலுக்கும் கட்டு கட்டினேன். பாக்க, அடிபட்டவன் கை மாதிரி இருந்தது. மறுநாள் காலையில வந்தா கீழ் கீல் கட்டு மட்டும் இல்லை. ஆபீஸ் நாய் நக்கித் துணியோட கொண்டு போயிருந்தது. மிச்ச ரெண்டு கீல்லயும் துரு கருத்துச் சேறாக் கரைஞ்சு இருந்தது. அவர் சொன்னது சரிதான். நான் அதை அவர்கிட்ட சொல்லலை.

அன்னைக்குப் புதன். திருப்புளியைப் போட்டேன். கழத்துறதுக்கு முன்ன இறுக்கப் பாக்கணும். மயிரிழை முன்னாடி போனா, பின்னாடியும் வரும். எடுத்த எடுப்புல பின்னாடி திருகினா வெட்டு வழிச்சுக்கிடும். திருப்புளித் தண்டு சதுரம், அதுல ஸ்பேனரை மாட்டி, நெஞ்சால அமுக்கிக்கிட்டுத் திருகினேன். அசையலை. மரக் கொட்டாப்புளியால திருப்புளிப் பிடியில தட்டினேன். மரத்தை மரத்தால அடிக்கேன்னு காவக்காரர்கிட்ட முதல்லயே காட்டிட்டேன். அசையலை.

சூடு வேணும். வேற வழி இல்லை.

எதுக்க டீக்கடையில பாய்லர் கொதிச்சுக்கிட்டு இருந்தது. அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் காவக்காரர்கிட்ட போனேன்.

"வெந்நீர் தீயா?"

"எது?"

"வெந்நீர். கொண்டு வரலாமா?"

அவர் யோசிச்சார். தகர டப்பாவைத் திறந்து மூடினார். "பீடி பத்துமா?"

"பத்தாது."

"அப்பக் கொண்டு வாரும்."

ரோட்டைத் தாண்டினேன். டீக்கடைக்காரர் நான் கேக்கிறதுக்கு முன்னாலயே தலையை ஆட்டினார்.

"அந்தக் கதவுக்கா? ஒரு சொட்டு தர மாட்டேன்."

"கதவுக்கு இல்லை அண்ணாச்சி. கீலுக்கு."

"கீல் யாருது?"

"எனக்கு ஒரு வேலை அண்ணாச்சி. மூணு மாசமாச் சும்மா இருக்கேன்."

அவர் ஆத்துறதை நிறுத்தினார். ஷெட்டு ஜன்னலைப் பாத்தார். பிறகு பெரிய கெட்டிலை எடுத்து பாய்லர்ல பிடிச்சார்.

"உனக்குத் தாரேன். நீ அதை எங்கன ஊத்துதேன்னு நான் பாக்கலை."

பாக்கலைன்னு சொல்லிட்டு என் பின்னாலயே வந்து கேட் வரைக்கும் நின்னார்.

கொதிக்கிற வெந்நீரை மேல் கீல்ல ஊத்தினேன். உடனே பானைத் தண்ணியை ஊத்தினேன். டிக்குன்னு ஒரு சத்தம். மறுபடி வெந்நீர். மறுபடி பச்சைத் தண்ணி. அஞ்சாவது தடவை திருப்புளியைப் போட்டு இறுக்கினேன். மயிரிழை போச்சு. பின்னாடி திருகினேன். கிரீச்சுன்னு ஒரு அழுகை. வந்துட்டது.

"வந்துட்டு!" ன்னு முதல்ல கத்தினது காயலாங்கடைக்காரர். பிறகு தராசைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டார்.

ஸ்க்ரூவைத் தேங்காய்ச் சிரட்டையில போட்டேன். ஒண்ணு.

அன்னைக்குப் பொழுதடையிறதுக்குள்ள ஏழு. கேட்டுக்கும் டீக்கடைக்கும் எத்தனை நடை நடந்தேன்னு தெரியாது. டீ குடிக்க வந்தவன் எல்லாம் பாய்லரைப் பாத்துட்டுத் திரும்பிப் போனான். கடைசிக் கெட்டிலை டீக்கடைக்காரரே தூக்கிட்டு கேட் வரை வந்தார். கேட் கோட்டைத் தாண்டலை. கையை மட்டும் உள்ள நீட்டினார்.

வியாழக்கிழமை மிச்சம் அஞ்சு. நடுக் கீல்ல ஒண்ணு, கீழ் கீல்ல நாலு. கீழ் கீல்தான் நாய் மோர் குடிச்ச கீல். எட்டு வந்தது. ஒம்பது, பத்து, பதினொண்ணு. கடைசி ஸ்க்ரூவுக்கு அவசரப்பட்டுட்டேன். இறுக்கிப் பாக்காமத் திருகிட்டேன். டப்புன்னு தலை மட்டும் வந்து மண்ணுல விழுந்தது.

காவக்காரர் பாத்தார். காயலாங்கடைக்காரர் பாத்தார். கேட்டுல கெட்டிலோட நின்ன டீக்கடைக்காரரும் பாத்தார். ஜன்னல்ல அவளும் பாத்தா.

கதவைத் தூக்கி இறக்கினோம். நீட்டிக்கிட்டு இருந்த தலையில்லாத தண்டைக் குறடால பிடிச்சுத் திருகினேன். பாதி முறிஞ்சு, பாதி பொடியா வந்தது. ஓட்டையில ஸ்க்ரூ பிடிக்கிற மரையும் தேஞ்சு போச்சு. பொடியைச் சிரட்டையில போட முடியாது.

சக்கரத்துக்குக் காத்தடிச்சோம். கரிசல் மண்ணு அச்சு வரைக்கும் வாங்கி வச்சிருந்தது. வெட்டி எடுத்து, வடம் கட்டி, பத்துப் பேர் பிடிச்சு இழுத்தோம். வேன் கேட்டைத் தாண்டி டீக்கடைக்கு முன்னால போய் நின்னது. கதவைக் கொல்லப்பட்டறையில கொண்டு போய்ச் சுட்டேன். கீல் ரெண்டு போடுல இளகிட்டது. மூணு நாள் பட்டது ஒரு பீடி நேரத்துல முடிஞ்சது.

சிரட்டையை ஆபீஸ் தாழ்வாரத்துல வச்சிட்டு வீட்டுக்குப் போனேன். படுக்கும்போது அவ, "காலையில எண்ணுவாரா?" ன்னா.

"எண்ணாம எப்ப வாங்கியிருக்கார்?"

வெள்ளிக்கிழமை காலை. பூசை பத்து மணிக்கு. டீக்கடையில பெஞ்சுல உக்காந்தேன், ஒரு பக்கமாச் சாஞ்சு டீ கொட்டிட்டது. கேட்டைத் திறந்தப்ப அது தொங்கித் தரையை உரசிச்சு. முந்தின நாள் நல்லா இருந்த கேட். எனக்கு அதெல்லாம் மண்டையில ஏறலை. பதினொண்ணுதான் மண்டையில இருந்தது.

மொதலாளி வந்தார். சிரட்டையைக் கேட்டார். குடுத்தேன். ஒவ்வொண்ணா எடுத்து வேன் பானெட்டுல வரிசையா வச்சு எண்ணினார். பதினொண்ணு வரைக்கும் நானும் மனசுக்குள்ள கூடவே எண்ணினேன். அங்கன நிறுத்துவார்னு பாத்தேன். அவர் நிறுத்தலை.

"பன்னெண்டு." அது வேற மாதிரி ஸ்க்ரூ. துருவே இல்லை. காயலாங்கடைக்காரர் வானத்தைப் பாத்தார்.

"பதிமூணு." அதுல பலகைச் சிம்பு ஒட்டியிருந்தது. டீ வாசனை. டீக்கடைக்காரர் சாஞ்ச பெஞ்சை முட்டுக் குடுத்துக்கிட்டிருந்தார்.

"பதினாலு." பச்சைப் பெயின்ட். ஊர்ல பச்சைப் பெயின்ட் அடிச்சது எங்க ஆபீஸ் கேட் ஒண்ணுதான். காவக்காரர் நேரா நிமிந்து நின்னார்.

மொதலாளி பச்சையை எடுத்து கேட்டைப் பாத்தார். சிம்பை எடுத்து பெஞ்சைப் பாத்தார், பெஞ்சுக்காரரைப் பாக்கலை. அந்த ரெண்டையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.

"மாட்டுலே."

மாட்டினேன். பதினொண்ணும் சிக்குன்னு ஏறிச்சு. பன்னெண்டாவது, தேஞ்ச ஓட்டையில, பாதி வரைக்கும் போய்ச் சும்மா சுத்திச்சு. எண்ணெயைத் துடைச்சுட்டு எழுந்தேன். கதவு வெண்ணெய் மாதிரி அசைஞ்சது. சாத்தக் கை வச்சேன்.

"நீ சாத்தாத" ன்னார் மொதலாளி. குடையைப் பாத்துச் சொன்னார், ஆனா ரோட்டுக்கே கேட்டுது. "திறந்து வச்சவன்தான் சாத்தணும்."

டீக்கடையில ஆத்துற சத்தம் நின்னுது. அவர் கையைத் துடைச்சுக்கிட்டு வந்தார். ஆறு வருசத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் ரெண்டடி தூரத்துல நின்னாங்க. டிரைவர் கதவைப் பிடிச்சார். ஒரு வாட்டி மொதலாளியைப் பாத்தார்.

டமார்னு சாத்தினார்.

வேப்பமரத்துக் காக்கா எல்லாம் பறந்தது. கீழ் கீல்ல இருந்து அந்தப் பன்னெண்டாவது ஸ்க்ரூ தெறிச்சு, உருண்டு, மொதலாளி செருப்புல போய் இடிச்சு நின்னது.

"மெதுவா" ன்னார் மொதலாளி.

"ஆறு வருசமாச்சு, இன்னும் அதே பேச்சுதானா?" ன்னார் டிரைவர். அவர் சிரிச்சார்னுதான் நினைக்கேன். கொஞ்சத்துல மொதலாளிக்கு ஒரு டீ வந்தது. அவர் குடிச்சார்.

அந்த ஆபீஸ்ல பத்தொம்பது வருசம் மெக்கானிக்கா இருந்தேன். பண்டலும் போச்சு, உப்பும் வந்தது. உப்பு வேண்டாம்னு நான் சொன்னா, காலி வண்டிக்கு எதுக்குப் பெட்ரோல்னு கேப்பார்.

அன்னைக்கு அவர் டீயைக் குடிச்சிட்டுக் குனிஞ்சு ஸ்க்ரூவை எடுத்தார். என்கிட்ட வந்தார்.

"ஏலே, இவியளை விடு. நீ முழுசாக் கழத்துனது எத்தனை?"

எல்லாரும் என்னையே பாத்தாங்க. காவக்காரர் அவர் முதுகுக்குப் பின்னால நின்னு விரலால பன்னெண்டு காட்டப் பாத்தார். பத்துக்கு மேல விரல் இல்லை. ஜன்னல்ல அவ அடுக்குறதை நிறுத்திட்டா.

"பதினொண்ணு."